மலை ஏறக் கூடாத கண்

முனியப்பனை மனதில் நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், அதனால் பேசுகிற மாதிரியேதான் எனக்கு எழுத வரும். இந்த மலையில் புல் வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டிப் பிழைக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களும், அவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிறவர்களும் இதைப் படித்தால் போதும். என் வலது கண்ணுக்கு நடந்தது இன்னொருவர் கண்ணுக்கு நடக்கக் கூடாது.

ஏற்காட்டு மலையில் நாகலூரைத் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. நானும் முத்துவும் சேர்ந்துதான் வேலைக்குப் போவோம். முத்து என்னைவிட இளையவன், பெண்டாட்டி பிள்ளை உள்ளவன். எங்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. மிஷினின் தலை இடப்பக்கமாகச் சுற்றும், அதனால் வலமிருந்து இடமாக வீச வேண்டும். அப்போதுதான் வெட்டிய புல் வெட்டி முடித்த பக்கமே போய் விழும். தடித்த தண்டுக்குப் பிளேடின் இடது ஓரத்தைத்தான் கொடுக்க வேண்டும். வலது முன்பக்கம் பட்டால் மிஷின் ஆளையே தள்ளிக்கொண்டு எகிறும். வெறும் புல்லுக்கு நைலான் நரம்பு போதும், புதருக்குத்தான் இரும்பு பிளேடு. சிக்கிய புல்லை எடுக்க எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் குனிய வேண்டும். பதினைந்து மீட்டருக்குள் ஆள், ஆடு, மாடு எதுவும் நிற்கக் கூடாது. இவ்வளவும் தெரிந்துதான் என் கண் போனது.

எஸ்டேட் எல்லையில் எங்கள் முனியப்பன் இருக்கிறார். கூரை கிடையாது, மரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல். நேர்ந்துகொண்ட காரியம் முடிந்தவர்கள் சின்னச் சின்ன இரும்புச் சூலங்களைச் சுற்றிலும் நட்டு வைப்பார்கள். மழையில் துருப்பிடித்துச் சாய்ந்து, புல் மூடிப் போகும். சாமி இரும்பு என்று யாரும் தொட மாட்டார்கள். ஆடிப் பூசைக்கு முன்பும் தைப் பூசைக்கு முன்பும் அந்த இடத்தைச் சுத்தம் செய்வது எங்கள் பங்கு.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. கோயில் எல்லைக்கல்லைத் தாண்டினால் காலில் செருப்பு இருக்கக் கூடாது, தலையில் துண்டுகூட இருக்கக் கூடாது. மிஷினைக் கோயிலுக்குள் கொண்டுவரலாமா என்று முதல் வருடம் பூக் கேட்டோம். சாமியின் இரண்டு தோளிலும் வெள்ளை அரளிப் பூ வைத்துக் காத்திருப்போம். வலது தோள் பூ முதலில் விழுந்தால் சம்மதம், இடது என்றால் வேண்டாம். அன்றைக்கு வலது விழுந்தது. மிஷின் உள்ளே வந்தது. ஆனால் பூட்ஸையும் ஹெல்மெட்டையும் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எஸ்டேட்டில் முழங்கால் வரை பூட்ஸும், முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு இறங்குகிற ஹெல்மெட்டும் போட்டு வேலை செய்கிற நாங்கள், இரும்பு புதைந்து கிடக்கிற அந்த ஒரே இடத்தில் எல்லாவற்றையும் எல்லைக்கல்லில் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலும் வெறுந்தலையுமாக மிஷினை ஓட்டினோம். அதைப் பக்தி என்று நினைத்தோம்.

அன்றைக்கு ஆடி மாத மூட்டம். பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. உண்ணிச்செடிப் புதர் இடுப்பளவு வளர்ந்திருந்ததால் பிளேடு மாட்டியிருந்தேன். சாமிக்குப் பின்பக்கம் வீசிக்கொண்டு வரும்போது டணீர் என்று ஒரு சத்தம். வலது கண்ணில் சுரீர் என்றது. ஊசியால் தொட்ட மாதிரி, அவ்வளவுதான். ரத்தம் வரவில்லை. தூசி என்று நினைத்துப் புறங்கையால் தேய்த்துவிட்டு, அந்த வரிசையை வெட்டி முடித்தேன்.

பூசாரி அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு விபூதி போட்டார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சரசு நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக் கண்ணில் பிழிந்தாள். குளிர்ச்சியாக இருந்தது. ஆனால் பார்வையில் கறுப்பு நூல் மாதிரி ஒன்று மிதந்தது. கண்ணை எங்கே திருப்பினாலும் அது கூடவே வந்தது. விடிந்தபோது கண் சிவந்து, வெளிச்சமே வலியாக இருந்தது. வலது கண்ணால் பார்த்தால் சரசுவின் முகம் பால் கொட்டிய மாதிரி இருந்தது.

"ஏனுங்க, என்னைத் தெரியுதுங்களா?" என்றாள்.

"குரல் தெரியுது" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைத் தொடவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தார், என்ன மிஷின் என்று கேட்டார். பிறகு டீ குடிக்கிற பேப்பர் கப் ஒன்றை எடுத்து, அடிப்பாகத்தை மட்டும் வெட்டி, என் கண்ணின் மேல் குமிழ் மாதிரி வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார். "இதை அழுத்தாதீங்க, தேய்க்காதீங்க, தண்ணி, பூ, பால் எதுவும் ஊத்தாதீங்க. கண்ணு ஓட்டையாயிருந்தா அழுத்துனா உள்ள இருக்கறது வெளிய வந்துரும். இப்பவே சேலம் போங்க" என்றார். சரசு என் பின்னால் நின்று தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூ பிழிந்த விரல்கள்.

பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, கண்ணுக்கும் டீயா?" என்றார். விஷயம் தெரிந்ததும் முன் சீட்டில் இருந்த ஒரு டூரிஸ்ட்டை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சரசு என் தலையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குடத்தில் தண்ணீர் தளும்பாமல் கொண்டுபோவது போலப் பிடித்திருந்தாள்.

சேலத்தில் கண் ஆஸ்பத்திரி. காத்திருக்கிற கூடத்தில் பாதிப் பேருக்கு ஒரு கண்ணில் பச்சைத் துணி. எழுத்துப் பலகையில் இடது கண் கடைசி வரி வரைக்கும் படித்தது. வலது கண்ணுக்குப் பலகையே தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் கை ஆடினால் ஆடுகிறது என்று தெரிந்தது, எத்தனை விரல் என்று தெரியவில்லை. பிறகு தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய வெளிச்சக் கோட்டைக் கண்ணுக்குள் விட்டுப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் ஒரு அம்மா. நரைத்த தலை, அதட்டாத குரல்.

"கறுப்பு விழிக்கு மேல சின்னதா ஒரு கிழிசல் இருக்குங்க ஐயா. அது வழியா ஏதோ உள்ள போயிருக்கு. ஸ்கேன் எடுக்கணும். காந்த ஸ்கேன் இல்ல, அது உங்களுக்கு ஆகாது. உள்ள இரும்பு இருந்தா காந்தம் அதை இழுத்து, கண்ணைக் கிழிச்சுரும். வேற ஸ்கேன் இருக்கு."

அந்தப் படத்தில் என் கண் கோலிக்குண்டு மாதிரி வட்டமாக இருந்தது. உள்ளே பின்சுவருக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. எள்ளில் பாதிகூட இருக்காது.

"அவ்வளவுதானுங்களா?" என்றேன்.

"அது போன வழியில லென்ஸைக் குத்தியிருக்கு. பின்னால விழித்திரையையும் கிழிச்சிருக்கு. விழித்திரைங்கிறது சுவத்துல ஒட்டின காகிதம் மாதிரி. அது உரிஞ்சா பார்வை போயிரும். இரும்பை உள்ள விட்டா துருப்பிடிச்சுக் கண்ணை விஷமாக்கும். அதோட புல்லு, மண்ணு. கிருமி போயிருந்தா கண்ணே போகலாம்."

"பார்வை வருங்களா அம்மா?" என்று சரசு கேட்டாள்.

"கண்ணைக் காப்பாத்தப் பாக்கறேன். பார்வை எவ்வளவு வரும்னு இப்பச் சொன்னா அது பொய்யாப் போயிரும்."

அந்தப் பதிலுக்காகவே அந்த அம்மா மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. அரசாங்கக் காப்பீட்டு அட்டை பெரும்பகுதிக்கு ஆகும் என்றார்கள். மிச்சத்துக்கு சரசுவின் அண்ணன் நான் கேட்காமலே வந்து நின்றார்.

மயக்கம் கொடுக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி போட்டார்கள், கண் மட்டும் மரத்துவிட்டது. முகத்தின் மேல் துணி. உள்ளே நடப்பது வலிக்காது, ஆனால் தெரியும். தண்ணீருக்கடியில் இருந்து மேலே பார்ப்பது போல வெளிச்சமும் நிழலும் அசைந்தன. நான் முனியப்பா, முனியப்பா என்று முணுமுணுத்திருக்கிறேன்.

"மனசுக்குள்ள சொல்லுங்க ஐயா, தாடை ஆடுது" என்றார் டாக்டர்.

மனசுக்குள் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து இரும்புக் கிண்ணத்தில் டிக் என்று ஒரு சத்தம். அந்தச் சின்னச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குத்துப்பட்ட லென்ஸையும் எடுத்துவிட்டார்கள். கிருமிக்கு மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினார்கள். கடைசியில், உரிந்த விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்தார்கள். அது குமிழியாக இருந்து, வாரக்கணக்கில் தானாகக் கரையுமாம். குமிழி எப்போதும் மேலேதான் போகும். என் கிழிசல் கண்ணின் பின்பக்கம் இருந்ததால், பின்பக்கம் மேலே இருக்கிற மாதிரி நான் குப்புறப் படுக்க வேண்டும். சாப்பிடும்போதும் தலை தரையைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்புகிற சமயத்தில் டாக்டர் கேட்டார். "எந்த ஊருன்னீங்க?"

"ஏற்காட்டுக்கு மேலங்க, நாகலூர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்ப வீட்டுக்குப் போக முடியாதுங்க ஐயா. மேல போகப் போகக் காத்து லேசாகும். கண்ணுக்குள்ள இருக்கிற வாயு விரியும். மலை ஏறும்போதே கண்ணு வீங்கி, ரத்த ஓட்டம் நின்னு, பார்வை மொத்தமாப் போயிரும். இந்தக் குமிழி கரையற வரைக்கும் உங்க கண்ணு மலை ஏறக் கூடாது."

பிறந்ததிலிருந்து மலையில் இருக்கிறவன் நான். என் வீடு இருக்கிற உயரம் என் கண்ணுக்கு ஆகாது என்று ஒரு நாள் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை.

ஏற்காடு கடைவீதியில் நாங்கள் மிஷினுக்கு நைலான் நரம்பு வாங்குகிற கடை ஒரு பாயுடையது. "ஹெல்மெட் இருக்கட்டும், கண்ணாடி ஒண்ணும் சேர்த்துப் போடுங்க" என்று எத்தனையோ தடவை சொன்னவர். மூட்டத்தில் மூச்சுப் பட்டு வெளுத்துப் போகிறது என்று நான்தான் வாங்கவில்லை. அவருடைய அக்கா பாத்திமா சேலத்தில் இருக்கிறார். பாய் ஒரு போன் போட்டார், அவ்வளவுதான். அந்த அக்கா தன் முன்னறையைக் காலி செய்து எங்களுக்குக் கொடுத்தார்.

அந்த அறையில் ஒரு பெஞ்சின் மேல் மெத்தை, நெற்றியை வைக்க மடித்த போர்வை. என் உலகம் ஒரு சிமெண்ட் தரை. அதில் நீலமாக ஒரு பூவேலை. வருகிறவர்கள் எல்லாரும் எனக்குக் கால்கள்தான். சரசுவின் மெட்டி. பாத்திமா அக்காவின் பச்சைச் செருப்பு.

"தம்பி, உங்க சாமியை நீங்க கும்பிடுங்க, நான் என் தொழுகையில கேக்கறேன். ரெண்டு பக்கமும் மனு போட்டா வேலை சீக்கிரம் நடக்கும்" என்பார். எனக்குக் கறி ஆகாத நாள் எது என்று சரசுவிடம் கேட்டு, அந்த நாளில் அவர் வீட்டிலும் சமைக்கவில்லை. கஞ்சியைத் தரையில் வைத்து உறிஞ்சு குழல் போட்டுக் கொடுக்கச் சொன்னது அவர்தான். குனிந்தபடியே குடிக்கலாம்.

ஆனால் ஊரிலிருந்து ஒரு பேச்சு வந்தது. சரசு போனைக் காதிலிருந்து எடுத்த விதத்திலேயே தெரிந்தது. பிறகு என் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து சொன்னாள்.

"சூலம்தான் குத்திருச்சுன்னு சொல்றாங்களாம். மிஷின் சத்தம் சாமிக்குப் புடிக்கலையாம். அதான் கண்ணை வாங்கிக்கிட்டாராம்."

வலியைவிட அது பெரிதாக இருந்தது. வலிக்கு மாத்திரை உண்டு. என் முனியப்பன் என் கண்ணை எடுத்தார் என்றால், நான் அறுவை மேசையில் கூப்பிட்டதெல்லாம் யாரை?

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சோதனைக்குப் போனபோது முத்து வந்தான். வாசலில் ஒரே சத்தம். சாக்குப்பைக்குள் பிளேடைக் கொண்டுவந்திருக்கிறான், காவலாளி விடவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிட்டு வருவாங்க. நீ என்னய்யா பிளேடு கொண்டாந்திருக்க?"

"இதுதானுங்க எங்க அண்ணன் கண்ணுல பூந்தது. டாக்டரம்மாகிட்டக் காட்டிட்டு எடுத்துட்டுப் போயிருவனுங்க."

எடுத்த துண்டை ஒரு சின்னக் குப்பியில் போட்டு எங்களிடம் கொடுத்திருந்தார்கள். முத்து அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். பிளேடின் ஒரு பல்லில் நுனி உடைந்திருந்தது. நான் குனிந்தே இருந்ததால் அவன் பிளேடைத் தரையில் வைத்து, என் பார்வைக்கு நேராகக் குப்பியைப் பக்கத்தில் வைத்தான்.

"பாருங்கண்ணா. துண்டு பளபளன்னு இருக்கு. சூலம்னா துருவா இருக்கோணும். இது நம்ம பிளேடு. சாமி இரும்பு இல்ல. சாமி இரும்புல மோதி நம்ம இரும்பு உடைஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

சரசு அந்தப் பிளேடையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு அவள் தூங்கினாள்.

"மிச்ச இடத்தை எப்படி வெட்டினே?" என்று முத்து கிளம்புவதற்கு முன்பே கேட்டிருந்தேன்.

"அருவாள்லதான். மிஷினைத் தொட மனசு வரலை. ஆனா தைக்கு ஆவாதுண்ணா. அருவாளுக்கு ஆள் கிடைக்காது. மிஷின்தான்."

"பூட்ஸ் போட்டுட்டு வெட்டு."

"நீங்க சொல்றீங்க. பூசாரி சொல்லோணுமே."

குமிழி கரைவதை நானே பார்த்தேன். கொத்தனாரின் ரசமட்டத்தில் இருக்கிற குமிழி மாதிரி, பார்வையில் ஒரு கோடு ஆடும். கண்ணுக்குள் மேலே நிற்கிற குமிழி, பார்க்கிறவனுக்குத் தலைகீழாகக் கீழேதான் தெரியுமாம். முதலில் எல்லாமே குமிழிக்குள் இருந்தது. பிறகு மேலே ஒரு விளிம்பில் வெளிச்சம் தெளிந்தது. கோடு நாளுக்கு நாள் கீழே இறங்க, அதற்கு மேலே உலகம் திரும்பி வந்தது. கலங்கல்தான். ஜன்னல் ஒரு வெள்ளைச் சதுரம். பாத்திமா அக்கா ஒரு பச்சை நிழல். கடைசியில் மிளகளவு ஒரு உருண்டை கீழே உருண்டுகொண்டிருந்தது. ஒரு காலையில் அதுவும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "இனி ஏறலாம்" என்றார்.

லென்ஸ் இல்லாததால் கலங்கலாக இருக்கிறது, பிற்பாடு வைத்துப் பார்க்கலாம், வைத்தாலும் பழைய பார்வை வராது என்றும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். ஒரு கண் இப்படி அடிபட்டால் அபூர்வமாக நல்ல கண்ணும் கோளாறு பண்ணும், அதனால் தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும், இடது கண் சிவந்தாலோ மங்கினாலோ உடனே வர வேண்டும். அதிலிருந்து தினமும் பார்க்கிறேன். வலதை மூடிக் காலண்டர், இடதை மூடி சாமி விளக்கு. விளக்கு எனக்கு ஒரு மஞ்சள் கறை. அது தெரிகிற வரைக்கும் கும்பிடு போட்டுக்கொள்வேன்.

மார்கழிக் கடைசியில் கோயில் இடத்தைச் சுத்தம் செய்கிற பேச்சு வந்தது. நான் இரண்டு கேட்டேன். சாய்ந்து கிடக்கிற சூலங்களையெல்லாம் முதல் நாளே கையால் பொறுக்கி மரத்தடியில் சேர்க்க வேண்டும். வெட்டுகிறவன் பூட்ஸும் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் எல்லைக்கல்லைத் தாண்ட வேண்டும். முதலாவதற்குப் பூசாரி உடனே சரி என்றார். அவரே முன்னால் நின்று பொறுக்கினார். இரண்டாவதற்குத் தலையை ஆட்டினார்.

"உம்பட கண்ணு போனதுல எனக்கும் வேதனைதான் சாமி. ஆனா செருப்புக் காலோட உள்ள வான்னு சொல்ல நான் யாரு? என் அப்பன் சொன்னதில்ல, நானும் சொல்ல மாட்டேன்."

"மிஷினுக்கு அவரைத்தானே கேட்டோம் அண்ணா. இதுக்கும் அவரையே கேப்போம்."

பின்னால் யாரோ, "இடது விழுந்தா?" என்றார்.

"இடது விழுந்தா மிஷின் உள்ள வராது. எல்லாரும் அருவாள் எடுத்துக்கங்க. நானும் எடுக்கறேன்" என்றேன்.

பூசாரி தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவி, இரண்டு தோளிலும் ஒவ்வொரு வெள்ளை அரளி வைத்தார். சூடம் கொளுத்திக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எல்லாரும் நின்றோம். முத்து எல்லைக்கல்லுக்கு வெளியே பூட்ஸோடு, மிஷினை மாட்டிக்கொண்டு நின்றான். அங்கிருந்து அவனுக்குச் சாமி தெரியாது.

ரொம்ப நேரம் பூ அசையவில்லை. நான் என் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அடிபட்ட கண்ணால்தான் இதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கண்ணுக்கு முனியப்பன் ஒரு கறுப்பு, சூடம் ஒரு மஞ்சள். கறுப்பின் மேல் இரண்டு பக்கமும் பஞ்சு மாதிரி இரண்டு வெள்ளைப் பொட்டு.

நமக்கு இடது பக்கம் இருந்த பொட்டு, சாமிக்கு அது வலது தோள், மெல்லக் கீழே இறங்கி மறைந்தது.

சரசு என் கையைப் பிடித்தாள். "பாத்தீங்களா?" என்றாள், மெதுவாக.

"பாத்தேன்."

பூசாரி கண்ணைத் திறந்து, விழுந்த பூவை எடுத்துக்கொண்டு எல்லைக்கல்லுக்குப் போனார். முத்து ஹெல்மெட்டைக் கழற்றப் போனான். பூசாரி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, அந்த ஹெல்மெட்டின் மேலேயே விபூதியைப் பூசினார்.

"கழட்டாத கண்ணு. உள்ள வா."

நாங்கள் எல்லாரும் மரத்தைத் தாண்டித் தூரமாகப் போய் நின்றோம். முத்து நைலான் நரம்பைச் சரிபார்த்து, கண்ணாடிக்கு மேல் தடுப்பை இறக்கிவிட்டுக்கொண்டு, பூட்ஸ் காலை எல்லைக்கல்லுக்கு உள்ளே வைத்தான்.